வைகையில் தண்ணீர் விடும் வேலை

வைகையில் எப்போது தண்ணீர் வரும் என்பது அணையைத் திறக்கிறவர்கள் கையில் இருக்கிறது என்று மதுரையில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப காலம் அது என் கையில்தான் இருந்தது. மேசைமேல் ஒரு பெட்டி, அதன் ஓரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் போதும், கரையைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் வந்துவிடும். கோடையா, பஞ்சமா என்றெல்லாம் அது பார்க்காது.

புரியும்படி சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கூட்டங்களை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மன்றக் கூட்டம், குறைதீர்க்கும் கூட்டம், கிராம சபை என்று எது நடந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவோம். நடக்கிறதை நடக்கிறபடியே ஜனங்களின் செல்போனுக்கு அனுப்புவோம். நடக்கக் கூடாதது நடந்தால் மட்டும் கேமராவை மறைத்து ஒரு புகைப்படத்தைப் போடுவோம். இரு கரையும் புரளும் வைகை, அதன்மேல் பாலம், அடியில் ‘சிறிது நேரத்தில் தொடரும்’ என்ற எழுத்து, பின்னால் நாதஸ்வரம். கூட்டத்தில் ஒருவர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தால் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும்.

கொஞ்ச நாளில் ஊருக்கே இது தெரிந்துபோனது. திருநகரில் என் வீட்டுப் பக்கத்து டீக்கடையில் நானே காதால் கேட்டிருக்கிறேன். “மாப்ள, வைகையில தண்ணி வந்துருச்சுடா. உள்ள அடிதடி போல.” நிஜ ஆற்றில் மணலும் கருவேலமும் கிடக்க, செல்போனில் மட்டும் வெள்ளம் பார்த்த ஜனங்கள் நாங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் நூர்ஜஹான். எனக்குப் பிறகு அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். என்னோடு வெயிலில் அலைந்தவர், ஒயரைச் சுருட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். போன மாதம் போன் செய்தார்.

“அண்ணே, புதுசா ஒரு சாப்ட்வேர் வந்துருக்குண்ணே. மைக்ல பேசுறவங்க கொரல் மட்டும் கணீர்னு கேக்கும். மாடு கத்துறது, புள்ள அழுகுறது, பின்னாடி சலசலப்பு, ஒன்னும் வராது. அம்புட்டும் தொடச்சு எடுத்துரும்.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்ணே. கோயில் பிரகாரம் மாதிரி இருக்கு கேக்க.”

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்ததில் தேவசகாயம் சார் ஞாபகம் வந்தது. அவரைத் தொடர்ந்து ஒரு மே தினமும், ஒரு பெண்ணின் குரலும் வந்தன. நூர்ஜஹானுக்கும் அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். அவர் பிரிவுக்கு வருவதற்கு முந்தியது அது. முழுசாகச் சொல்லிவிட்டால் சோறு இறங்கும் என்று தோன்றியது.

நான் தொழில் கற்றது கல்யாண வீடியோவில். அலங்காநல்லூர் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைவிட அவர் வீட்டுக் காளையை அதிக நேரம் எடுக்கச் சொல்வார்கள். எடுத்தேன். பிறகு செய்திப்படம், பிறகு தற்காலிக வேலை, பிறகு நிரந்தரம். அதற்குள் கேசட் போய், குறுந்தட்டு போய், இணையம் வந்திருந்தது. படித்தது கொஞ்சம், பட்டது அதிகம்.

இணையம் வந்தபோது எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான், அந்த அரை நிமிஷம். நேரலை என்று பேர். ஆனால் இங்கே ஒருவர் தும்மினால், செல்போனில் அவர் தும்முவதற்கு அரை நிமிஷம் ஆகும். படம் எங்கெங்கோ போய்விட்டு வருகிறது என்றார்கள். நான் ஒரு கண்ணால் கூட்டத்தையும் மறு கண்ணால் செல்போனையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே எழுந்து போனவர் அங்கே இன்னும் உட்கார்ந்திருப்பார். இங்கே முடிந்த சிரிப்பு அங்கே அப்போதுதான் தொடங்கும். வருஷக்கணக்காக இப்படிப் பார்த்துப் பார்த்து, எது முதலில் நடந்தது, எது அதன் நிழல் என்று எனக்கே குழம்பிவிடும். சில மத்தியானங்களில் நானும் அரை நிமிஷம் பின்னால்தான் வாழ்கிறேனோ என்று தோன்றும். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, “கூப்புட்டா ஏன் இம்புட்டு நேரங் கழிச்சுத் திரும்பிப் பாக்குறீக?” என்று மனைவி கேட்பாள்.

தேவசகாயம் சார் எங்கள் பிரிவின் அதிகாரி. ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மேடைப் பக்கம் போகமாட்டார். பந்தலின் கடைசி வரிசைக்குப் போய், பெண்கள் உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார். பிறகு கையைத் தூக்கி மேலே காட்டுவார். அந்த இடத்தில் நான் பந்தல் கம்பிலிருந்து ஒரு மைக்கைத் தொங்கவிட வேண்டும். அதற்கு ‘ஊர் மைக்’ என்று பேர் வைத்திருந்தார்.

மேடை மைக் ஊர் ஒலிபெருக்கிக் குழாய்க்கும் போகும், எங்கள் நேரலைக்கும் வரும். ஊர் மைக் அப்படியில்லை. நேரலைக்கு மட்டும்தான். அதைக் குழாயில் கொடுத்தால் ‘கூ’வென்று ஊளையிடும். ஆகவே ஊர் மைக்கில் விழுந்தது பந்தலில் கேட்காது. செல்போனில் மட்டும் கேட்கும்.

“மேடையில பேசுறவருக்குக் குழாய் இருக்கு பாண்டி. கீழ இருக்கிறவங்களுக்கு நாமதான் இருக்கோம்” என்பார்.

பிறகு கை தட்டிப் பார்ப்பது. மேடையில் நின்று ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். நான் செல்போனைக் காதில் வைத்து, அந்தத் தட்டு வந்து சேர்வதற்குக் காத்திருப்பேன். அதற்குள், கூட்டம் ஆரம்பித்துவிட்டது போல என்று ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கை தட்டிவிடுவார்கள். எங்கள் வேலைக்கு ஊரில் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. “செல்போன்ல நேரலை பாக்குறவங்க தயவுசெஞ்சு சத்தத்தைக் கொறச்சு வையுங்க.” பந்தலுக்குள்ளேயே போனில் சத்தம் வைத்தால், முடிந்துபோன பேச்சு திரும்பி வந்து குழப்பும் அல்லவா.

எங்களுக்குள் ஒரு சைகையும் இருந்தது. சார் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும். அவர் தண்ணீர் குடித்தால் நான் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் தொண்டையில் தண்ணீர் இறங்கினால் வைகையில் வெள்ளம். மேலிடத்திலிருந்து நிறுத்தச் சொல்லி போன் வந்தாலும் கத்திச் சொல்ல முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இதனால் பாவம், கூட்டம் நடக்கும்போது நிஜமாகவே தாகம் எடுத்தால் அந்த மனிதர் குடிக்க முடியாது. சர்க்கரை நோய் வேறு. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்ததும் ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்வார். அவரோடு சேர்ந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் நேரலை பார்த்தால் முடிகிற வரைக்கும் நான் தண்ணீர் குடிப்பதில்லை.

அந்த மே தினக் கிராம சபை, கப்பலூரைத் தாண்டி நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில். ஊர்ப் பேர் வேண்டாம். அக்கினி வெயிலுக்கு முந்தைய வெயில். பந்தலுக்கு வெளியே தரை நெளிந்துகொண்டிருந்தது. தூரத்தில் சாலையில் போகும் லாரிகள் தரையைத் தொடாமல் மிதந்து போவதுபோல் தெரிந்தன. வேப்பமரத்தில் குழாய் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஊருணி. அதில் பாதிக்குத்தான் தண்ணீர். கரையில் வரிசையாக மாடுகள் நின்றன.

அந்தக் கரைதான் அன்றைய விஷயம். அது புறம்போக்கு. அதைச் சமன்படுத்தி, பக்கத்தில் வரப்போகும் சரக்குக் கிடங்குக்கு, லாரி நிறுத்த வாடகைக்கு விடுவதாக ஒரு தீர்மானம். ஊராட்சித் தலைவர் உற்சாகத்தில் இருந்தார். புது வேட்டி, புதுத் துண்டு. தன் ஊர் முதல்முறையாக நேரலையில் வருகிறது என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார். நான் வழக்கமான அறிவிப்பைச் சொல்ல வாயெடுத்தபோது மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“எல்லாரும் அவுகவுக போன்ல நேரலையப் போடுங்கப்பா. எம்புட்டுப் பேரு பாக்குறாங்கன்னு கீழ நம்பர் ஏறும். பக்கத்து ஊருக்காரன் பாத்து வயிறெரியணும்.”

“தலைவரே, எதிரொலி வரும். சத்தத்தையாவது கொறைக்கச் சொல்லுங்க” என்றேன்.

“வரட்டும்ணே! ஊர்னா சத்தம் இருக்கத்தான செய்யும்.”

பந்தலில் இருந்த அத்தனை போனும் திறந்துகொண்டன. நான் சாரைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். குழாய்ச் சத்தம் பெரிதாக இருந்ததால் போன்களின் சத்தம் முதலில் தெரியவில்லை. அடியில் ஏதோ வண்டு ரீங்காரம் போடுகிறது என்றுதான் தோன்றியது.

தலைவர் வரவு செலவு படித்தார். குடிநீர் படித்தார். குளிர்ந்த காற்று ஒன்று எங்கிருந்தோ வந்து போனது. எனக்குக் கண் சொருகியது. அப்போது ஊருணிக்கரைத் தீர்மானத்தைப் படித்தார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். காலனியைச் சேர்ந்த பேச்சியம்மாள். பேருக்குத்தான் பேச்சி. அதுவரை எந்தச் சபையிலும் அவள் வாயைத் திறந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். காதில் மாட்டியிருந்த கருவியில் ஊர் மைக் வழியாக அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“எனக்குச் சம்மதமில்லங்கய்யா! அது எங்க மாடு கட்டுற எடம்!”

அவள் நின்ற இடத்துக்கு நேர் மேலே சார் காட்டிய மைக் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் அவளைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மைக்குக்கு இன்னும் கிட்டே வாயைக் கொண்டுபோய், குழாய் அதிரப் பேச ஆரம்பித்தார். வருமானம் வரும், நம்ம பயலுகளுக்கு வேலை வரும், ஊர் எங்கேயோ போகும். பேச்சியம்மாள் மறுபடி வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள். பந்தலில் பாதிப் பேருக்கு அவள் எழுந்ததே தெரியாது. தெரிந்தவர்கள் ஊருணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் பேச்சை முடித்தார். நேரலை அல்லவா, முறையோடு செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார். கேமராவைப் பார்த்துக் கேட்டார். “ஆட்சேபணை இருக்கிறவங்க இப்பச் சொல்லலாம்.”

கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். குழாய் அடங்கியது. பந்தல் அடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் அந்தத் தொழிலில் கேட்டதில்லை.

முதலில் முன்வரிசையில் ஒரு பெரியவரின் சட்டைப் பையிலிருந்து வந்தது. “எனக்குச் சம்மதமில்லங்கய்யா!”

அவர் திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்தார். அதற்குள் தூண் பக்கத்திலிருந்து இன்னொன்று. “எனக்குச் சம்மதமில்லங்கய்யா! அது எங்க மாடு...” பெண்கள் பக்கம் நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. ஒவ்வொரு போனும் அதனதன் தாமதத்தில், முன்னும் பின்னுமாக, மழை விட்டபின் தவளைகள் தொடங்குவதுபோல் தொடங்கின. மடியில், கையில், சுருக்குப்பையில், தலைவரின் மேசையில் கிடந்த அவருடைய சொந்தப் போனிலும். அது எங்க மாடு கட்டுற எடம். மாடு கட்டுற எடம். கட்டுற எடம். கனவில் ஊரே ஒரு வாயால் பேசுமே, அப்படி இருந்தது. தன் குரலைத் தானே அத்தனை பக்கமிருந்தும் கேட்ட பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. தலைவர் எழுந்துவிட்டார்.

“சார், என்ன சார் இது? நிறுத்துங்க சார். தண்ணிய விடுங்க சார்!”

தண்ணீர் விடுவது என்றால் என்ன என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு சாரைப் பார்த்தேன். அவர் போன் மடியில் துடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. மெதுவாகப் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

அழுத்தினால் வெள்ளம் வரும், நாதஸ்வரம் வாசிக்கும். வெள்ளம் வடியும்போது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். அந்தத் தொழிலில் எத்தனையோ தரம் அப்படி வடிந்ததைப் பார்த்தவன் நான்.

சார் பாட்டிலோடு எழுந்தார். கடைசி வரிசைக்கு நடந்தார். பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

“இந்தாம்மா. குடிங்க. குடிச்சிட்டு மைக்ல வந்து சொல்லுங்க.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைக் கேமரா வழியாகப் பார்த்தேன். சார் குடித்தால்தான் பொத்தான். பேச்சியம்மாள் குடித்தால் என்ன செய்வது என்று எந்த விதியும் இல்லை. விரலை எடுத்துக்கொண்டேன்.

அவள் மேடை மைக் முன்னால் வந்து நின்றாள்.

“அய்யா, எங்களுக்குன்னு ஒரு குழி நெலங் கெடையாது. எங்காத்தா காலத்துல அடுத்தவுக மாட்டத்தான் மேச்சோம். இப்பத்தான் எங்களுக்குன்னு ரெண்டு மாடு நிக்குது. அந்தப் பால்லதான் எம்புள்ள காலேசுக்குப் போகுது. வீட்டுக்குள்ள நாங்களே காலை மடக்கித்தேன் படுக்குறோம். அந்தக் கரையும் போச்சுன்னா மாட்ட எங்கிட்டுக் கட்ட? இந்த லாரியிலயே ஏத்தி விட்ரவா?”

குழாய் வழியாக அது ஊருணியைத் தாண்டிப் போனது. அரை நிமிஷம் கழித்துப் போன்கள் எல்லாம் அதை மறுபடி சொல்லின. யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பக்கம் வந்து நின்றார்கள். ஊர்ப்பக்கம் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவரும் எழுந்தார். “எம்மாடும் அங்கதான்யா நிக்குது” என்றார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து சபையைக் கவனிக்க வந்திருந்த பற்றாளர், அதுவரை விசிறிக்கொண்டிருந்தவர், பேனாவை எடுத்து ‘ஏகமனதாக’ என்று தயாராக எழுதி வைத்திருந்ததை அடித்தார். தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். பிறகு வந்த சபைகளில் யாரும் அதை எடுக்கவில்லை. லாரிகளுக்கு வேறு எங்கோ தனியார் நிலம் கிடைத்தது என்று கேள்வி.

சபை கலைந்தபின் பேச்சியம்மாள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “வேற தண்ணி கொண்டாரவாய்யா?” என்று தயங்கிக் கேட்டாள். சார் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அந்த மிச்சத்தைக் குடித்தார். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, வெயிலுக்குத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று மேலே கேட்டார்கள். “தண்ணி குடிக்க நேரமில்ல” என்றாராம். சீக்கிரமே வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றார். வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். “வாரேன் பாண்டி. ஊர் மைக்கை மறந்துராத” என்று மட்டும் சொன்னார். பேருந்து திரும்பி மறைந்தது. அவர் கையசைப்பு எனக்கு இன்னும் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த மே தினக் கதையை மட்டும் நூர்ஜஹானுக்கு எழுதி அனுப்பினேன். சாப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பிரிவு இப்போது அவருடையது. ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. பதிலும் வரவில்லை.

இந்த மே தினத்தில் அதே ஊரில் கிராம சபை. மனைவியோடு உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். தலைவர் மாறியிருந்தார், பந்தல் மாறியிருந்தது. வரவு செலவு படித்தார்கள். குரல் அத்தனை சுத்தம். மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. கூட்டம் வாயசைத்தது, குழந்தைகள் சத்தமில்லாமல் ஓடின. கண்ணாடித் தொட்டிக்குள் ஊர் மிதப்பது மாதிரி இருந்தது. கேமராவில் ஊருணிப் பக்கம் தெரியவில்லை. அந்தக் கரையில் இப்போது என்ன நிற்கிறது என்று யாரைக் கேட்பது? எனக்கு நாக்கு வறண்டது. தண்ணீர்ச் செம்பு பக்கத்தில்தான் இருந்தது, தொடவில்லை.

திடீரென்று ஏதோ திறந்துகொண்டது. காக்கை, மின்விசிறி, ஒரு பிள்ளையின் அழுகை, பெண்களின் சலசலப்பு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. நூர்ஜஹான் அந்த சாப்ட்வேரை அணைத்துவிட்டார். திரையின் அடியில் யாரோ ‘சத்தம் சரியில்லை’ என்று எழுதினார்கள். அதற்கு அடுத்த நொடி, வெகு அருகில், நீளமாக ஒரு மாடு கத்தியது.

“என்னங்க இது, மாடெல்லாங் கத்துது?” என்றாள் மனைவி.

“பேச்சியம்மா மாடு.”

“போனுக்குள்ள கேட்டே அது யாரு மாடுன்னு தெரிஞ்சிருச்சாக்கும்!”

“யாரு மாடோ. கட்டுறதுக்கு அங்க எடம் இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு, சபை முடியும் முன்பே செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தேன்.